இயற்கை ஆவணப்படங்களுக்காக 4கே: முதலில் மாற்ற வேண்டியது எது?

வாலாட்டி:
50 அங்குல 1080பி (1920 × 1080 புள்ளிகள்) டிவி, சோபாவிலிருந்து 3 மீட்டர். எச்டிஎம்ஐ 1.4 (பட, ஒலி இணைப்பின் பழைய தரம்) காலத்து 5.1 ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். பார்ப்பது பெரும்பாலும் காடு, கடல், பறவை சம்பந்தப்பட்ட ஆவணப்படங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வழியில்லை. ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால் எது? காரணத்தோடு சொல்லுங்கள்.

ஆந்தைக்கண்:
டிவி. ஆனால் "4கே" (1080பியைவிட நான்கு மடங்கு புள்ளிகள்) என்ற எழுத்துக்காக வாங்காதீர்கள். சாதாரணக் கண்ணால் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். 50 அங்குல 1080பி திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.58 மி.மீ. 2 மீட்டர் தாண்டினாலே அது கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. நீங்கள் இருப்பது 3 மீட்டரில். அதே 50 அங்குலத்தில் 4கே டிவி மாட்டினால் கூர்மையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. 65 அங்குலத்தில் அந்த எல்லை 2.6 மீட்டர், 75இல் ஏறக்குறைய 3 மீட்டர். ஆக உங்கள் இருக்கைக்கு 4கே பேச ஆரம்பிப்பதே 75, 77 அங்குலத்தில்தான். இல்லையென்றால் 65 அங்குலம் வாங்கிச் சோபாவை அரை மீட்டர் முன்னால் தள்ளுங்கள், தள்ளுவதற்குச் செலவே இல்லை.

டிவி மாற்றச் சொல்வதற்கு உண்மையான காரணம் எச்டிஆர், அதாவது மிகப் பிரகாசத்தையும் மிக இருட்டையும் ஒரே படத்தில் காட்டும் முறை. ஈரப் பாறையில் வெயில் மின்னுவதும், அதே சட்டகத்தில் பாறை இடுக்கில் நண்டு ஒளிந்திருப்பதும் பழைய டிவியில் சேர்ந்து தெரியாது. ஒன்று வெளுத்துப்போகும், இல்லை இன்னொன்று கறுத்துப்போகும்.

கம்பிவடம்:
கணக்கு சரி, முடிவு தப்பு. ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று வருவது நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் (எம்பிபிஎஸ்). 16 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 50 நிமிட அத்தியாயம் மொத்தமே 6 ஜிபி. யுஎச்டி டிஸ்க்கில் (4கே புளூரே) அதே 50 நிமிடம் சராசரி 60 எம்பிபிஎஸ் ஓடினால் 22 ஜிபிக்கு மேல். பேச்சுக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு இந்த வித்தியாசம் பெரிசா தெரியாது. சுவர் அசையாது, முகம் கொஞ்சம் அசையும். படத்தைச் சுருக்கும்போது முந்தின ஃபிரேமிலிருந்து (ஒற்றைப் படத்திலிருந்து) எடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். ஆயிரம் மைனா ஒரே சமயத்தில் திரும்புகிற கூட்டமோ, மத்தி மீன் பந்தோ, பனிப்பொழிவோ வந்தால் எடுத்து ஒட்ட ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு ஃபிரேமும் புதுசு. பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவு) பத்தாமல் சதுரம் சதுரமாகக் குழையும். 77 அங்குலத்தில் அந்தக் குழைசலை இன்னும் பெரிசா பார்க்கவா டிவி மாத்தணும்? முதலில் டிஸ்க் பிளேயர்.

ஆந்தைக்கண்:
1080பி டிவியில் யுஎச்டி டிஸ்க் போட்டால் என்ன வரும்? பிளேயர் 4கேயை 1080க்குச் சுருக்கி, எச்டிஆரைச் சாதாரண வெளிச்சத்துக்கு இறக்கித் தரும். அந்த இறக்கம் பல பிளேயர்களில் மங்கலாகவோ வெளுத்தோதான் வருகிறது. குழைசல் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 பிட் டிவியில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், 10 பிட்டில் 1024. தண்ணீருக்கடியில் எடுத்த காட்சியில் மேலே வெளிர்நீலம், கீழே கருநீலம், நடுவில் பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அதை எந்த டிஸ்க்கும் பழைய திரையில் முழுசாகப் போக்காது.

கம்பிவடம்:
பட்டை வருவதற்குப் பாதிக் காரணம் பிட்ரேட் பஞ்சம். மென்மையான நிறச் சரிவைத்தான் என்கோடர் (படத்தைச் சுருக்கும் கருவி) முதலில் வெட்டும். 10 பிட் பேனலில் 10 பிட் ஸ்ட்ரீமிங் ஓடும்போதும் அந்தக் கடல் நீலத்தில் பட்டை வருகிறதே, அது எங்கிருந்து?

செவிச்செல்வம்:
இரண்டு பேரும் கண்ணைப் பற்றியே சண்டை. ஆவணப்படத்தில் விவரிப்புக் குரல் முழுக்கச் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது சரியில்லையென்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 20 நிமிடத்தில் அலுப்புத் தட்டும். வாலாட்டி, உங்களிடம் ஏற்கெனவே 5.1 இருக்கிறது. ஒரு காசும் செலவழிக்காமல் இதைப் பாருங்கள்: சென்டர் ஸ்பீக்கர் அலமாரிக்குள் உள்வாங்கி இருக்கிறதா? அதன் முகப்பு அலமாரி விளிம்புக்கு வர வேண்டும். உள்ளே இருந்தால் அடித்தட்டில் பட்டுத் திரும்பும் ஒலி சேர்ந்து குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். முழங்கால் உயரத்தில் இருந்தால் முன்பக்கத்துக்குக் கீழே ரப்பர் கட்டை வைத்துக் காதை நோக்கிச் சாய்க்கவும். பிறகு ரிசீவரில் சென்டர் அளவை 2, 3 டெசிபல் ஏற்றவும். பக்க ஸ்பீக்கர்கள் முன்நோக்கிய கோட்டிலிருந்து 110 முதல் 120 பாகையில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். நிறைய பேர் நேர் பின்சுவரில் மாட்டிவிட்டு, மழைக்காட்டில் உட்கார்ந்த உணர்வே இல்லை என்கிறார்கள்.

கம்பிவடம்:
செவிச்செல்வம் சார், கோபப்படாதீங்க. நீளமான டெலி லென்ஸ் போட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்த சிறுத்தையின் காலடி ஓசையை மைக் பிடிக்கவில்லை. ஸ்டூடியோவில் யாரோ மணலை மிதித்துச் செய்தது. பனியில் கரடி நடப்பது சோளமாவுப் பையைப் பிசைந்த சத்தம். செயற்கைச் சத்தத்துக்கு இவ்வளவு பாகை அளக்கணுமா?

செவிச்செல்வம்:
செயற்கை என்பதால்தான் அளக்க வேண்டும். உண்மைப் பதிவில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இங்கே ஒலிக்கலைஞர் பூச்சியை இடது பின்பக்கம், ஓடையை வலது பின்பக்கம், காற்றை எல்லாப் பக்கமும் என்று கையால் வைத்திருக்கிறார். தப்பான கோணத்தில் ஸ்பீக்கர் இருந்தால் அவர் வேலை வீண்.

இன்னொன்று. டிவி பட வேலைகளுக்கு நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலிக்கும் படத்துக்கும் இடைவெளி விழும். சாதாரணப் படத்தில் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆவணப்படத்தில் பேசுபவர் முகமே வராது, வருடக்கணக்கில் தெரியாமலே போகும். மலையாடுகள் கொம்போடு கொம்பு மோதும் காட்சி, திமிங்கிலம் வாலால் தண்ணீரை அறையும் காட்சி இரண்டில் ஒன்றை ஓடவிடுங்கள். சத்தம் முந்தினால் ரிசீவரின் ஆடியோ டிலேயைப் பத்துப் பத்து மில்லிசெகண்டாக ஏற்றவும். சத்தம் பிந்தினால் ரிசீவர் ஒன்றும் செய்ய முடியாது. டிவியின் டிஜிட்டல் ஆடியோ டிலேயைப் பூஜ்யமாக்கவும். திமிங்கிலம் தூரத்தில் இருந்தால் சத்தம் பிந்துவதுதானே இயற்கை என்று கேட்காதீர்கள். படத்தொகுப்பில் அதை ஒட்டவைத்துத்தான் தருகிறார்கள்.

இருட்டறை:
3 மீட்டருக்கு 75 அங்குலம்தான் ஆரம்பம் என்று ஆந்தைக்கண்ணே சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் டிவி? 100 அங்குலப் புரொஜெக்டர் திரை 3 மீட்டரில் ஏறக்குறைய 40 பாகையை நிறைக்கும். 65 அங்குல டிவி 27 பாகைதான். சமவெளியில் ஒரு மாட்டு மந்தை போவதைப் பார்க்க அகலம் வேண்டும் ஐயா.

ஆந்தைக்கண்:
அகலம் கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. வண்ண அளவீடு செய்த பிறகு 1500 லூமென் (ஒளியளவு) தரும் புரொஜெக்டரை எடுத்துக்கொள்வோம். 100 அங்குலத் திரை 2.75 சதுர மீட்டர். 1.0 கெயின் (ஒளியைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பும்) திரையில் வருவது 1500ஐ 2.75ஆலும் 3.14ஆலும் வகுத்தால் சுமார் 174 நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அளவு). எச்டிஆர் ஆவணப்படத்தை மாஸ்டர் செய்வது (இறுதிப் பிரதி தயாரிப்பது) பொதுவாக 1000 நிட்ஸுக்கு. மீதியைப் புரொஜெக்டர் அமுக்கித்தான் காட்டும். அதோடு வெள்ளைக் கூரை இருந்தால் திரை வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பித் திரையிலேயே விழுந்து கறுப்பைச் சாம்பலாக்கும்.

இருட்டறை:
கூரையின் முன்பாதிக்கு மட்டும் அடர்நிற மட் பெயின்ட் அடித்தால் அந்தப் பிரச்சினை பெருமளவு அடங்கும். முழு இருட்டில் கண் பழகிய பின் 174 நிட்ஸ் போதும். திரையரங்கில் சாதாரணக் காட்சி 48 நிட்ஸ்தான், அங்கே யாரும் மங்கல் என்று எழுந்து போவதில்லை. பகலில் பார்ப்பவர் என்றால் டிவி வாங்கட்டும், அதில் வாதம் இல்லை.

வாலாட்டி:
பகலிலும் பார்ப்பேன், அதனால் டிவிதான். 77 அங்குல ஓலெட் அல்லது 75 அங்குல மினி எல்இடி?

ஆந்தைக்கண்:
எதை அதிகம் பார்ப்பீர்கள்? ஆழ்கடலில் கும்மிருட்டில் ஜெல்லிமீன் ஒளிர்வது ஓலெட்டில் மட்டும்தான் சுத்தமாக வரும், ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணைகிறது. மினி எல்இடியில் பின்விளக்கு மண்டலம் மண்டலமாக எரிவதால் ஜெல்லிமீனைச் சுற்றி மங்கலான புகைபோல் ஒரு வட்டம் நிற்கும். துருவப் பனிக்குப் போனால் கதை தலைகீழ். திரை முழுக்க வெள்ளையானால் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த ஓலெட் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். பென்குவினின் நெருக்கக் காட்சியிலிருந்து பனிவெளிக்கு வெட்டும்போது திரை சட்டென்று மங்குவது தெரியும். மினி எல்இடி அங்கே அசராது. பகலிலும் பார்ப்பதால் உங்களுக்கு மினி எல்இடி.

செவிச்செல்வம்:
இந்த ஒரு இடத்தில் நான் எதிர்க்கட்சி. மினி எல்இடி பேனல் பலவற்றில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். குடும்பத்தோடு பார்ப்பதென்றால் ஓலெட். பகல் பிரச்சினைக்குத் திரைச்சீலை இருக்கிறது.

வாலாட்டி:
இன்னொரு சந்தேகம். கேமரா பக்கவாட்டில் நகரும்போது மரங்கள் திக்கித் திக்கி நகர்கின்றன. இது டிவி பழசானதாலா?

கம்பிவடம்:
பெரும்பாலும் இல்லை, புது டிவியிலும் வரும். இயற்கைத் தொடர்கள் பல நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தவை. ஸ்ட்ரீமிங் பெட்டி 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 தடவை) நிலையாக நின்றால் ஒரு ஃபிரேமை 2.4 தடவை காட்ட முடியாதே. 2, 3, 2, 3, 2 என்று மாற்றி மாற்றிக் காட்டும். ஒரு மரம் இரண்டு தடவை நிற்கும், அடுத்த நிலை மூன்று தடவை நிற்கும், அதுதான் நொண்டல். பெட்டியின் அமைப்பில் மேட்ச் ஃபிரேம் ரேட் (படத்தின் ஃபிரேம் வேகத்துக்கே டிவியை மாற்றுவது), மேட்ச் டைனமிக் ரேஞ்ச் (எச்டிஆர் படத்துக்கு மட்டும் எச்டிஆர் அனுப்புவது) இரண்டையும் ஆன் செய்யுங்க. காட்சி ஆரம்பிக்கும்போது ஒரு நொடி திரை கறுக்கும், பயப்படாதீங்க. உங்க பழைய டிவி 50 ஹெர்ட்ஸ் ஏற்றால் இன்றைக்கே சரியாகிவிடும். நான் முதல் பதிவிலிருந்து சொல்வது இதுதான், டிவியைக் குறை சொல்லும் முன்னால் அதற்குள் போவதைப் பாருங்கள்.

ஆந்தைக்கண்:
அதற்குப் பிறகும் ஓலெட்டில் மெல்லிய திக்கல் இருக்கும். பேனல் சட்டென்று மாறுவதால் 24, 25 ஃபிரேமின் படிகள் அப்படியே தெரியும். டி-ஜடர் (திக்கலைக் குறைக்க இடையில் ஃபிரேம் சேர்க்கும் அமைப்பு) 10இல் 2 அல்லது 3 வைத்தால் போதும்.

கம்பிவடம்:
பூஜ்யம்தான் சரி. இல்லாத ஃபிரேமை டிவி கற்பனை செய்யும்போது கொக்கு இறக்கை அடிக்கும் ஓரத்தைப் பாருங்க, ஜவ்வு மாதிரி இழுபடும். நாணலுக்குப் பின்னால் பறந்தால் நாணலும் சேர்ந்து வளையும்.

ஆந்தைக்கண்:
10இல் 7 வைத்தால் வளையும். 2இல் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் வாக்கெடுப்பு வேண்டாம். விவாதமே தேவையில்லாதவை: விவிட் மோடை விட்டு ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா மோட், வண்ண வெப்பம் வார்ம் 2, நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப், மின்சேமிப்பு ஆஃப், ஷார்ப்னஸ் பூஜ்யம். சில டிவிகளில் பூஜ்யம் வைத்தால் படம் மசங்கும், அங்கே நடுநிலை எண் எதுவென்று பாருங்கள். ஷார்ப்னஸ் ஏற்றினால் ஆந்தையின் இறகு ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போடும். விவரம் கூடியதுபோல் ஒரு மயக்கம், அவ்வளவுதான். இரவுக் கேமரா, மறைகேமரா காட்சிகள் பல குறைந்த தெளிவில் எடுத்துப் பெரிதாக்கியவை. அவை புள்ளி புள்ளியாக இருந்தால் டிவியைத் திட்டாதீர்கள்.

வாலாட்டி:
சரி, 75 மினி எல்இடி. பழைய ரிசீவரை வைத்துக்கொள்ளலாமா? 4கே அதன் வழியாகப் போகுமா?

கம்பிவடம்:
எச்டிஆரோடு போகாது. ரிசீவரைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஸ்ட்ரீமிங் பெட்டியை நேராக டிவிக்குக் கொடுங்க, ஒலியை ஆர்க் (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியா ரிசீவருக்குத் திருப்புங்க. ஸ்ட்ரீமிங் அட்மாஸ் (உயரத்திலிருந்தும் ஒலி வரும் முறை) டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவில் வருவதால் அதற்கு ஆர்க்கே போதும், இஆர்க் (ஆர்க்கின் புதிய வடிவம்) கட்டாயமில்லை. உங்க ரிசீவர் ஆர்க்கில் பிளஸ்ஸை ஏற்காமல் மௌனமானால் டிவி ஒலி அமைப்பில் டால்பி டிஜிட்டல் என்று மாற்றுங்க, 5.1 வரும். பிற்பாடு டிஸ்க் பிளேயர் வாங்கினால் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ளதாகப் பாருங்க. ஒன்று படத்தோடு டிவிக்கு, இன்னொன்று ஒலி மட்டும் ரிசீவருக்கு. பழைய ரிசீவரிலேயே இழப்பில்லாத டால்பி ட்ரூஎச்டி கேட்கலாம்.

டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு என்ஹான்ஸ்டு ஃபார்மட் என்பது போல் ஒரு தேர்வு இருக்கும். பல டிவிகளில் அது வரும்போதே ஆஃப். ஆன் செய்யாவிட்டால் 4கே வரும், எச்டிஆர் வராது. வடம் 18 ஜிபிபிஎஸ் பிரீமியம் ஹைஸ்பீட். செம்பு வடம் 5 மீட்டர் தாண்டினால் படத்தில் வெள்ளைப் பொறி பறக்கலாம், இல்லை நடுநடுவே கறுக்கலாம். அதற்கு மேல் ஒளியிழை வடம், அதற்குத் திசை உண்டு, டிவிப் பக்க முனையை மாற்றிச் செருகினால் ஒன்றும் வராது.

செவிச்செல்வம்:
வடம் சுவருக்குள் போகிறதென்றால் பூசுவதற்கு முன் இரண்டு முனையையும் மாட்டி ஒரு முழு அத்தியாயம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சப்வூஃபர் கிராஸ்ஓவர் (அதற்குக் கீழுள்ள தாழ்ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ். புது டிவி வந்ததும் ஆடுகளை இன்னொரு முறை மோதவிட்டு ஒலித் தாமதத்தைச் சரிபார்க்கவும், பழைய எண் பொருந்தாது.