புதுப்பிப்பு: ஆசிரியர் குறைதீர்ப்பு விதிகளின் வரைவு

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குறைதீர்ப்பு விதிகளைத் திருத்துகிறோம், கருத்து சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். சக ஆசிரியர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் கைவைத்தார்கள்: எந்தப் புகாரும் துறைத்தலைவர் வழியாகவே வர வேண்டும் என்ற பிரிவு. புகாரே அவர்மீது என்றால்? சரி, அதை எடுத்துவிட்டோம். இனி குறைதீர்ப்புக் குழுச் செயலரிடம் நேரடியாகக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்த்தாயிற்று. அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தே வாய் திறக்காதவர்கள் அவர்கள். இவர்களுக்கு இல்லாத விதி யாருக்கு?

புகாரை விசாரித்து அறிக்கை தரும் கால வரம்பில்தான் இன்னும் இழுபறி. மாணவர் புகார்களுக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைகள் 15 வேலை நாள் என்கின்றன; ஆசிரியர்களுக்கும் அதுவே வேண்டும் என்று நிற்கிறேன். அப்புறம், பாலியல் துன்புறுத்தல் புகார்கள் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்கே போகும். திருத்திய வரைவு அடுத்து சிண்டிகேட்டுக்கு, அதாவது பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்குப் போகிறது.