'மா' என்னும் ஜப்பானியத் திரைச்சொல்லுக்குத் தமிழ் எது?

முதல் மடல்:
குழுவினர்க்கு வணக்கம். ஜப்பானிய, மேலை அனிமேஷன் படங்களின் கருப்பொருள்களை ஒப்பிடும் பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகவேண்டும். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி தம் படங்களில் வேண்டுமென்றே விட்டுவைக்கும் வெறுமையை 'மா' என்கிறார். 'டோட்டோரோ'வில் (1988) சிறுமியர் மழையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் காட்சி அத்தகையது. 'மௌனம்' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மறுமொழி:
ஐயா, அது வடசொல் என்பது ஒருபுறமிருக்க, பொருளும் பொருந்தாது. அக்காட்சியில் குடைமேல் துளி விழும் ஓசை தெளிவாகக் கேட்கிறது, கதைதான் நின்றுவிடுகிறது. 'இடை' என்க. 'மா'வுக்குரிய எழுத்து, வாயிற்கதவின் நடுவே கதிரவன் தெரிவதாக அமைந்தது. பழைய வடிவில் அங்கே நிலவு இருந்தது. நம் 'இடை'யும் இடத்துக்கும் காலத்துக்கும் பொதுவாக நிற்பதை 'இடைவெளி', 'இடைக்காலம்' இரண்டிலும் காணலாம்.

மறுமொழி:
வேராய்வு சிறப்பே. ஆயினும் 'இடை' என்றதும் மாணவர்க்கு இடுப்புத்தான் நினைவுக்கு வரும். இசையில் 'கார்வை' இருக்கிறதே! தாளக்கருவியில் வாசிக்கும் சொற்கட்டுகளுக்கு நடுவே, தாளம் ஓடிக்கொண்டிருக்க, வாசிக்காமல் விடும் நேரம் அது. 2002-இல் அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசியபோது மியாசாகி கைதட்டிக் காட்டி, தட்டல்களுக்கு நடுவிலுள்ள நேரமே 'மா' என்று விளக்கியதும் இதற்கு நெருக்கமானது. ஒப்பீட்டுக்கு மியாசாகியின் 'கிகி'யைச் (1989) சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னியின் 1998 ஆங்கில ஒலிமாற்றத்தில், மூலத்தில் பேசாத இடங்களிலும் கிகியின் பூனையைப் பேசவைத்து, இசையையும் கூட்டினார்கள். ஜப்பானியர் கார்வையாக விட்டதை மேலை நாட்டார் வெற்றிடமாகக் கண்டு நிரப்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அமெரிக்கப் படமான 'வால்-ஈ'யின் (2008) தொடக்கத்திலும் பேச்சு மிகக் குறைவுதான். ஆனால் அங்கே இயந்திரம் ஓயாமல் இயங்கிக் கதையை நகர்த்துகிறது.

முதல் மடலாளர்:
பெரும்பாலோர் இசைந்ததால் 'கார்வை' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். முதலில் வருமிடத்தில் மட்டும் 'மா'வையும் உடன் தருகிறேன்.

மறுமொழி:
'இடை'யை முன்மொழிந்த என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியர் வகுத்ததுபோல, கார்வையும் அளவுக்கு உட்பட்டது; இத்தனை அட்சரம் (தாளத்தை எண்ணும் அலகு) என்று எண்ணி விடுகிறோம். பேருந்து நிறுத்தத்தில் அச்சிறுமியர் எதையும் எண்ணவில்லை. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பிலாவது 'இடை' இடம்பெற வேண்டும்.