440சி கத்தி: வெப்பத்தைக் கூட்டினால் கடினம் குறைகிறது, ஏன்?

சாணைக்கல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு சிறு பட்டறையில் சமையலறைக் கத்திகள் செய்து வருகிறேன். இதுவரை லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் வேலை. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் வைத்து எடுத்தால் அந்தக் கத்தி ஏமாற்றாது. துருப்பிடிக்காத கத்தி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதால், 2.5 மி.மீ. தடிமனுள்ள 440சி என்ற எவர்சில்வர் வகைத் தகடு வாங்கி, மின் உலையில் ஹார்டனிங் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குதல்) செய்து பார்க்கிறேன். 1,040 டிகிரி செல்சியஸில் வைத்து எடுத்த கத்தி, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 காட்டியது. வெப்பம் போதவில்லை என்று எண்ணி, அடுத்ததை 1,100 டிகிரிக்கு ஏற்றி, கூடுதல் நேரம் வைத்து எண்ணெயில் தோய்த்தேன். அது 53 ஆக இறங்கிவிட்டது. இரண்டும் 180 டிகிரியில் டெம்பரிங் (தோய்த்த பின் மிதமான சூட்டில் வைத்தல்) முடிந்த பின் அளந்தவை. விற்றவர் 58 முதல் 60 வரை வரும் என்கிறார். சரக்கு போலியா, முறை தவறா? காந்தம் ஒட்டுவதால் சரக்கு நல்லதுதான் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

உலைவாசல்:

காந்தத்தை வைத்துச் சரக்கை முடிவு செய்ய வேண்டாம். பாத்திரத்துக்குப் பயன்படும் 304 வகை எவர்சில்வர் அல்ல என்பதை மட்டுமே அது சொல்லும். கார்பன் குறைந்த 420 வகையிலும் காந்தம் நன்றாகவே ஒட்டும். விற்றவரிடம் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். 440சி என்றால் கார்பன் 0.95 முதல் 1.20 சதவீதம் வரையும், குரோமியம் 16 முதல் 18 சதவீதம் வரையும் இருக்க வேண்டும்.

அதற்கு முன் அளவையே சந்தேகியுங்கள். உலையில் கத்தியை எவர்சில்வர் ஃபாயில் தாளில் சுற்றி வைத்தீர்களா, வெறுமனே வைத்தீர்களா? ஆயிரம் டிகிரிக்கு மேல் காற்றுப்பட்டால் மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்து, மெல்லிய மென்தோல் ஒன்று உருவாகிவிடும். ராக்வெல் முனை அந்தத் தோலைத்தான் முதலில் சந்திக்கிறது. சரிவாகத் தீட்டிய பகுதியில் அளந்தாலும், அடியில் ஒரு துளி செதில் ஒட்டியிருந்தாலும், 150 கிலோ சுமையில் தகடு லேசாக அசைந்து எண் குறையும். பிடிக்குள் போகும் தட்டையான பகுதியில், இரு பக்கமும் 0.2 மி.மீ. அளவுக்குச் சூடேறாமல் தேய்த்து, முதலில் கடினம் முன்பே தெரிந்த சோதனைக் கட்டியில் இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.

சாணைக்கல்:

ஃபாயில் எதுவும் சுற்றவில்லை. வெளியே எடுத்தபோது கருஞ்செதில் உதிர்ந்தது. நீங்கள் சொன்னபடி தேய்த்து அளந்தேன். முதல் கத்தி 58 காட்டுகிறது. ஆனால் 1,100 டிகிரிக் கத்தி 54ஐத் தாண்டவில்லை. சான்றிதழில் கார்பன் 1.02 என்று இருக்கிறது.

பழைய பட்டறை:

அப்படியானால் சரக்கில் பழுதில்லை. முதல் கத்தியின் குறை தோலோடு போய்விட்டது. இரண்டாவதன் குறை உள்ளே இருக்கிறது.

ஸ்பிரிங் பட்டையில் கைகொடுத்த காந்தக் கணக்கு இங்கே உதவாது. எஃகு தன் காந்த ஈர்ப்பை இழப்பது சுமார் 770 டிகிரியில். அந்தச் சூட்டில் 440சி-யின் குரோமியம் கார்பைடுகள் (குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்கள்) ஏறக்குறைய அப்படியே கிடக்கும். சாதாரண எஃகின் கார்பைடு சர்க்கரை என்றால் இது கற்கண்டு: கரைய அதிகச் சூடும் நேரமும் வேண்டும். கரைந்து வெளியே வரும் கார்பன்தான் தோய்க்கும்போது உருவாகும் மார்ட்டென்சைட் என்ற அமைப்பைக் கடினமாக்குகிறது, கரைந்து வரும் குரோமியம்தான் துருவைத் தடுக்கிறது. எனவே சூடு குறைந்தால் கத்தி மென்மையாகவும் இருக்கும், துருவும் பிடிக்கும்.

ஆனால் இதற்கு ஒரு மேல் எல்லை உண்டு, அதைத்தான் நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். கரைந்த கார்பனும் குரோமியமும் மிகுந்தால், ஆஸ்டினைட் என்ற உயர்வெப்ப அமைப்பு மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கும் வெப்பநிலையும் மாறி முடியும் வெப்பநிலையும் கீழே இறங்கும். முடியும் புள்ளி அறை வெப்பத்துக்கும் கீழே போய்விட்டால், எவ்வளவு வேகமாக எண்ணெயில் தோய்த்தாலும் ஒரு பகுதி ஆஸ்டினைட் மாறாமலேயே தங்கிவிடும். அது மென்மையானது; உங்கள் 54க்கு அதுதான் காரணம். அந்தப் பகுதி காந்தத்துக்கு ஒட்டாது என்றாலும் சுற்றியுள்ள மார்ட்டென்சைட் ஒட்டுவதால், கையில் பிடிக்கும் காந்தத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. 1,100 டிகிரியில் எஃகினுள் இருக்கும் படிக மணிகளும் பருத்திருக்கும் என்பதால் அந்தக் கத்தி எளிதில் உடையும்.

ஆகவே 1,040க்கே திரும்புங்கள். கத்தி அந்தச் சூட்டை எட்டிய பிறகு 15 முதல் 20 நிமிடம் போதும். 321 வகை ஃபாயிலில் சுற்றி, ஓரங்களை இரண்டு மடிப்பாக மடித்து அழுத்துங்கள். உள்ளே ஒரு சிறு காகிதத் துண்டு போட்டால் அது எரிந்து, அடைபட்ட ஆக்சிஜனைத் தின்றுவிடும். கையுறை இல்லாமல் அந்தத் தாளைத் தொட வேண்டாம். நீங்கள் செய்யும் கத்தியைவிட மோசமாக வெட்டும். பொட்டலத்தைப் பிரிக்காமல், 25 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அலுமினியப் பாளங்களுக்கு நடுவே வைத்து இறுக்கி, பக்கங்களில் கம்ப்ரசர் காற்றை அடியுங்கள். இந்தத் தடிமனில் 440சிக்கு அந்த வேகம் போதும். பாளம் அழுத்திப் பிடிப்பதால் கோணலும் குறையும். பொட்டலத்தோடு எண்ணெயில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், டெம்பரிங்குக்கு முன்பே, உலர்பனியும் (டிரை ஐஸ்) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்த குழம்பில் ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். அது மைனஸ் 78 டிகிரி வரை குளிரும், தங்கிய ஆஸ்டினைட்டில் பெரும்பகுதி மாறிவிடும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆஸ்டினைட் நிலைப்பட்டு, குளிருக்கு மசியாது. நெருப்பு அருகில் இருக்கக் கூடாது, கலனை மூடக் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

உலைவாசல்:

ஒன்றைச் சேர்க்கிறேன். உலையின் திரை காட்டும் 1,040 என்பது தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் முனை இருக்கும் இடத்தின் சூடு. கதவோரம் வைத்த கத்தி அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கலாம். கத்தியின் அருகே இன்னொரு கே-வகைத் தெர்மோகப்பிளை வைத்து ஒப்பிடுங்கள். அதுவும் கைவசம் இல்லையென்றால், பீங்கான் கிண்ணத்தில் தூய சமையல் உப்பைச் சிட்டிகை வைத்து மெல்ல ஏற்றுங்கள். உப்பு 801 டிகிரியில் உருகும். திரை அப்போது என்ன காட்டுகிறது என்பதிலிருந்து உலையின் பொய் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சாணைக்கல்:

மிக்க நன்றி ஐயா. இரண்டு ஐயங்கள் மிச்சம். உலர்பனிக்குப் பதில் வீட்டுக் குளிர்பெட்டி போதுமா? 480 டிகிரி அளவில் டெம்பரிங் செய்தால் கடினம் மறுபடி ஏறும் என்று படித்தேன், அது சரியா?

பழைய பட்டறை:

குளிர்பெட்டியின் மைனஸ் 18 டிகிரி ஒன்றும் செய்யாததைவிட மேல். உலர்பனிக்கு அது ஈடாகாது. 480 டிகிரியில் கடினம் சற்று ஏறுவது உண்மை. ஆனால் அந்தச் சூட்டில் குரோமியம் மறுபடி கார்பைடாகப் பிரிந்து வெளியேறுவதால் கத்தி துருப்பிடிக்கத் தொடங்கும், எளிதில் உடையவும் செய்யும். எலுமிச்சையும் புளியும் படும் சமையலறைக் கத்திக்கு அந்த வழியே வேண்டாம். 150 முதல் 200 டிகிரிக்குள், இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாணைக்கல்:

சொன்னபடியே செய்தேன். உப்புச் சோதனையில் உலை 12 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்ததால், அதற்கேற்ப ஏற்றி வைத்தேன். ஃபாயிலைப் பிரித்தபோது செதிலே இல்லை. கத்தி வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தது. குளிர்க்குழம்புக்குப் பின் 61, 180 டிகிரி டெம்பரிங்குக்குப் பின் 59. நுனி மட்டும் அரை மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது. பழைய 54 கத்தியை மீட்க முடியுமா?

பழைய பட்டறை:

59 போதும், மேலே துரத்த வேண்டாம். வளைவைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், உடைந்துவிடும். இரண்டாம் டெம்பரிங்கின்போது தடித்த இரும்புப் பட்டையோடு கிளாம்ப் போட்டு, வளைவுக்கு எதிர்ப்புறம் சற்றுக் கூடுதலாகத் தள்ளும்படி ஒரு சிறு தகட்டைச் செருகி வையுங்கள், பெரும்பாலும் நேராகிவிடும். பழைய கத்தியை ஃபாயிலில் சுற்றி 750 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மென்மையாக்கி, மறுபடி 1,040இல் தொடங்கலாம். விற்பனைக்கு மட்டும் அதை அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டு வெங்காயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.