கண்ணாடியைக் கழற்றினால் மாறுகண் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது, ஏன்?

கேட்டவர்: வைகைக்கரை

மகளுக்கு 4 வயது. வலது கண் மூக்குப் பக்கம் போகிறது. கண் குவிப்பதைத் தளர்த்தும் அட்ரோபின் களிம்பு 3 நாள் போட்டுப் பார்த்ததில் பவர் வலது +5.00, இடது +3.50. பார்வை வலது 6/24, இடது 6/9 (6/6 தான் முழுப் பார்வை). கண்ணாடி போட்டு 7 வாரம் ஆகிறது. போட்டிருக்கும்போது கண் நேராக இருக்கிறது. குளிக்கக் கழற்றினால் முன்பைவிட அதிகமாக உள்ளே போகிறது. கண்ணாடியே கண்ணைக் கெடுக்கிறதா? அடுத்து தினமும் 2 மணி நேரம் இடது கண்ணை மூடி பேட்ச் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். குறை உள்ள கண் வலதாயிற்றே? ஆபரேஷன் செய்தால் இதெல்லாம் தேவைப்படாதா? வீட்டுப் பெரியவர்கள் வேறு, மாறுகண் அதிர்ஷ்டம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில் 1: லென்ஸ்மீட்டர்

கெடவில்லை. கண்ணாடி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிளஸ் பவர் உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முறுக்கிக் குவிக்க வேண்டும். குவிக்கும்போதெல்லாம் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்புவது உடம்பின் அமைப்பு. +5 அளவுக்குக் குவித்தால் ஒரு கண் மூக்கை நோக்கிப் போய்விடும். அந்த வேலையைக் கண்ணாடி ஏற்றுக்கொள்வதால் கண் நேராகிறது. 7 வாரம் தெளிவாகப் பார்த்துப் பழகியவள் கழற்றியதும் மங்கலைப் பொறுக்காமல் முழு பலத்தோடு குவிக்கிறாள். அதனால்தான் கூடுதலாகத் தெரிகிறது.

குளியல், தூக்கம் தவிர எப்போதும் கண்ணாடி இருக்கட்டும். பல குழந்தைகளிடம் பிரச்சினை ஃபிரேம்தான். மூக்கில் சரிந்து இறங்கினால் மேல் விளிம்புக்கு மேலே பார்ப்பாள். போட்டும் போடாத கதைதான். நேராக உங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: கருவிழி லென்ஸின் நடுவில் விழ வேண்டும். காதுக்குப் பின்னால் சிலிக்கான் கொக்கியோ எலாஸ்டிக் பட்டையோ போடுங்கள். கண்ணாடி வாங்கியதும் பவரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். "குழந்தைக்கு இவ்வளவு பவரா" என்று கடையில் குறைத்துப் போட்டால் கண் பாதிதான் நேராகும்.

பதில் 2: மறைப்புத்துணி

பேட்ச் நல்ல கண்ணில்தான். உங்கள் மகளுக்கு வலது கண் நோயுற்ற கண் அல்ல, சோம்பல் கண். கண் விலகியதும், பவர் வித்தியாசமும் சேர்ந்து, வலது கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கிவிட்டது. இடதை மூடினால்தான் வலதைப் பயன்படுத்த வேறு வழியில்லாமல் போகும். 6/24 அளவுக்கு 2 மணி நேரம் போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். 3 முதல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அமெரிக்காவில் செய்து 2003இல் வெளிவந்த ஆய்வில், நடுத்தரச் சோம்பல் கண்ணுக்கு (6/24 இதில் அடங்கும்) 2 மணி நேரமும் 6 மணி நேரமும் 4 மாத முடிவில் ஒரே பலனைத் தந்தன.

பேட்சைத் தோலின்மேல் ஒட்டி அதன்மேல் கண்ணாடி. கண்ணாடியின் மேல் ஒட்டினால் மூக்கோரச் சந்து வழியாக எட்டிப் பார்ப்பாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாலே புரிந்துகொள்ளுங்கள். அந்த 2 மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது மணி கோத்தல், கோட்டுக்குள் வண்ணம் தீட்டல், அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிக் கிட்டத்து வேலை கொடுங்கள். தூங்கும் நேரம் கணக்கில் வராது. எடுக்கும்போது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு ஆறி வெதுவெதுப்பானதும் ஒரு நிமிடம் வைத்தால் தோல் உரியாது. பேட்சின் குறுகிய முனை மூக்குப் பக்கம் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பி ஒட்டினால் ஒரே இடம் புண்ணாகாது.

பார்வை தேறியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு ஒரு வருடத்துக்குள் பார்வை மறுபடி இறங்குகிறது.

வைகைக்கரை: பிய்த்து எறிந்தால்?

மறைப்புத்துணி: 20 நிமிடமாகப் பிரித்துக் கொடுங்கள், நாள் கணக்குச் சேர்ந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் மருத்துவரிடம் அட்ரோபின் சொட்டு பற்றிக் கேளுங்கள். வார இறுதியில் நல்ல கண்ணில் விட்டு அதை மங்கலாக்குவார்கள். முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். சொட்டு விட்டதும் மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தொண்டைக்கு அதிகம் இறங்காது.

பதில் 3: நான்காம் தசை

ஆபரேஷன் கேள்விக்கு: கண்ணாடியோடு முழுவதும் நேராக இருக்கும் கண்ணில் கத்தி வைக்கக் கூடாது. உள்பக்கத் தசையைப் பிரித்துச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பதுதான் வழக்கமான முறை. தேவையில்லாமல் செய்தால் பிற்பாடு கண் வெளிப்பக்கம் போகக்கூடும். பவரும் போகாது, சோம்பல் கண்ணும் தெளியாது. கண்ணாடி போட்டும் விலகல் மிச்சம் இருப்பவர்களுக்கும், பிறந்த 6 மாதத்துக்குள் பெரிதாக விலகியவர்களுக்கும்தான் அது. இரண்டாவது வகைக்கு 2 வயதுக்குள் செய்வது நல்லது.

"வளர்ந்தால் சரியாகும்" என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூக்குத் தண்டு தட்டையான கைக்குழந்தைக்குக் கண் உள்ளே போன மாதிரி தோன்றும், மூக்கு எழும்பியதும் மறையும். இருட்டில் டார்ச் அடித்தால் ஒளிப்பொட்டு இரு கருவிழியிலும் ஒரே இடத்தில் விழும். அது போலி மாறுகண். பொட்டு ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் விழுந்தால் நிஜம். குழந்தைக்கு 4 மாத வயதுக்கு மேலும் கண் விலகினால் காத்திருக்க வேண்டாம்.

படிக்கும் மற்றவர்களுக்கு: போட்டோவில் கண் பாப்பா (கருவிழியின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) வெள்ளையாக மின்னினால், அல்லது திடீர் மாறுகண்ணோடு தலைவலி, வாந்தி, இமை இறக்கம் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். வெள்ளை மின்னல் விழித்திரைப் புற்றாக இருக்கலாம்.