பெண் வந்ததும் பேச்சை நிறுத்துவது மரியாதையா?

சாட்ஸ்வர்த்தான்: ஆண்கள் நண்பர்களிடம் ஒரு முகமும் பெண்களிடம் ஒரு முகமும் காட்டும் வேடதாரிகள் என்று நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. நண்பனின் வழுக்கையைக் கேலி செய்கிறோம், அவன் நம் தொந்தியைக் கேலி செய்கிறான். அவன் தங்கை வந்தால் நிறுத்திக்கொள்கிறோம். அதற்குப் பெயர் மரியாதை.

பீனிக்ஸ் செல்வி: வழுக்கையைப் பற்றிய பேச்சு என்றால் நான் வந்த பிறகும் தொடரலாமே, அண்ணா? ஏன் நின்றது?

சாட்ஸ்வர்த்தான்: வழுக்கையைப் பற்றித்தான் பேசினோம். மரியாதைக்காக நிறுத்தினோம்.

பீனிக்ஸ் செல்வி: வழுக்கைக்கு எதற்கு மரியாதை?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்: இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். கேப் டவுனில் பேராசிரியராக இருந்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாய்மாமன் உறவைப் பற்றி எழுதினார். 1940இல் கேலி உறவுகளைப் பற்றித் தனியாகவே எழுதினார். ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் கோபிக்கக் கூடாது. அதுதான் அந்த உறவின் விதி. நம் வீடுகளில் மாமன் மச்சான் பேச்சும் அப்படித்தான். ஆணா பெண்ணா என்பதைவிட முறைதான் முக்கியம்.

பீனிக்ஸ் செல்வி: விதி யாருக்கு, ஐயா? ஒரு கல்யாண வீட்டில் என் அத்தை மகன் என் நிறத்தைக் கேலி செய்தான். "முறைப்பையன்தானே, சிரி" என்றார் பெரியப்பா. நான் அவன் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். இலையை விட்டு எழுந்து போய்விட்டான். இன்றுவரை பேசுவதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் புரொவைன் என்ற உளவியலாளர் பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் குறித்துப் பார்த்தார். பேசுபவர்தான் பெரும்பாலும் அதிகம் சிரிக்கிறார். ஆண் பேசிப் பெண் கேட்கும்போது மட்டும் அது தலைகீழாகிறது. எங்கள் சிரிப்பைப் பார்த்து எல்லாம் நகைச்சுவை என்று நம்பிக்கொள்ளாதீர்கள்.

சாட்ஸ்வர்த்தான்: அமெரிக்கக் கடைத்தெருவில் எண்ணியதை வைத்து எங்களுக்குத் தீர்ப்பா? நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு வந்து இந்தச் சாட்ஸ்வர்த்தை உண்டாக்கியவர்கள் நாங்கள். வீட்டுப் பெண்களை எப்படி நடத்துவது என்று யாரும் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டாம்.

டர்பன் இளையவன்: வேடதாரி என்று எழுதியவன் நான்தான். மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆண்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வருவதை அண்ணன் தன் மகளிடம் காட்டுவாரா?

சாட்ஸ்வர்த்தான்: தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் ஒரு பாத்திரம் கழுவ வராதவன் மகளைப் பற்றிப் பேசுகிறான்!

டர்பன் இளையவன்: வந்தேன். காய் நறுக்கினேன். நீங்கள்தான் வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் வேலை ஏவினீர்கள்.

சாட்ஸ்வர்த்தான்: வாசலில் இருந்தது செருப்புகளைப் பார்த்துக்கொள்ள!

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்: நான் சொன்ன கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை என்று தெரிகிறது. தாய்மாமன் பற்றியது 1924, கேலி பற்றியது 1940. இரண்டையும் குழப்பாதீர்கள்.

டர்பன் இளையவன்: யாரும் குழப்பவில்லை, ஐயா. யாரும் கேட்கவும் இல்லை.

பீனிக்ஸ் செல்வி: செருப்பும் கட்டுரையும் இருக்கட்டும். என் கேள்வி அப்படியே நிற்கிறது. வழுக்கையைப் பற்றிய பேச்சு, நான் வந்ததும் ஏன் நின்றது?

சாட்ஸ்வர்த்தான்: பெண்கள் காதில் விழக் கூடாத பேச்சை நிறுத்தினால் அதுவும் குற்றமா?

பீனிக்ஸ் செல்வி: காதில் விழக் கூடாததா? வழுக்கை என்றல்லவா சொன்னீர்கள்?

சாட்ஸ்வர்த்தான்: வழுக்கைதான். நூறு முறை கேட்டாலும் வழுக்கைதான். அந்தத் தம்பி முதலில் பாத்திரக் கணக்கைச் சொல்லட்டும்.