புதுப்பிப்பு: மகளின் கையில் ராப்டோமயோசர்கோமா, சென்டினல் நெறி பயாப்ஸி முடிந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 9 வயது மகளுக்கு உள்ளங்கையில் ராப்டோமயோசர்கோமா (தசைத் திசுவில் வரும் புற்றுநோய்), பெட் ஸ்கேனில் புற்று பரவிய நிணநீர் நெறி எதுவும் தெரியவில்லை, அப்புறம் எதற்கு சென்டினல் நெறி பயாப்ஸி (புற்று முதலில் பரவக்கூடிய நெறியை எடுத்துச் சோதிப்பது) என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"கை கால்ல வர்ற இந்தக் கட்டிக்கு ஸ்கேன் சுத்தமா இருந்தாலும் நெறியை எடுத்துப் பார்க்கணும். அக்குளோட முழங்கைப் பக்கமும் பார்ப்பாங்களான்னு கேளுங்க" என்று ஒரு அக்கா சொல்லியிருந்தார். அதுதான் கைகொடுத்தது.

காலையில் கட்டியைச் சுற்றி டெக்னீசியம்-99எம் என்ற லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டுப் படம் எடுத்தார்கள். திரையில் இரண்டு புள்ளி: முழங்கைக்கு உள்பக்கம் ஒன்று, அக்குளில் ஒன்று. மயக்கம் கொடுத்தபின் நீலச் சாயம் ஏற்றி, அந்தக் கதிரியக்கத்தை உணரும் காமா கருவி எங்கே அதிகம் கத்தியதோ அங்கே சின்னதாகக் கீறி எடுத்தார்கள்.

அக்குள் நெறி சுத்தம். முழங்கை நெறியில் புற்றுச் செல்கள் இருந்தன. அளவு சாதாரணம்தான், அதனால் ஸ்கேனில் சிக்கவில்லை. கீமோ தொடர்கிறது, ரேடியேஷனில் முழங்கையையும் சேர்க்கிறார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: அன்று சாயங்காலம் சிறுநீர் பச்சையாகப் போனது. நான் பதறி நர்ஸைக் கூப்பிட்டால், "சாயம்தாம்மா, தானா போயிடும்" என்றார். மகளுக்கோ ஒரே குஷி, தம்பியைக் கூட்டி வந்து காட்ட வேண்டுமாம்.