சொந்தக் குளத்துல மீன் தானா முட்டை போட இடம் அமைக்கிறது எப்படி?

கரையோரம்:
வணக்கம் நண்பர்களே, சின்னதா ஒரு குளம் வெட்டி மீன் விட்டிருக்கோம், சாதாக்கெண்டை, ரோகு, கட்லா எல்லாம் கலந்து இருக்கு, கூட கொஞ்சம் விராலும் கிடக்கு. எல்லாம் நல்லா வளர்ந்து சினை பிடிச்சு வயிறு உப்பித் தெரியுது ஆனா ஒரு பொடிக்குஞ்சைக்கூட பார்க்க முடியல. கரை நாலு பக்கமும் செங்குத்தா இறங்குது, தண்ணிக்குள்ள செடி எதுவும் கிடையாது. வெளியில குஞ்சு வாங்காம குளத்துலயே பெருகணும்னு ஆசை. கல்லு கொட்டணுமா, செடி வைக்கணுமா?

நீர்வாசி:
கல்லா செடியாங்கறதுக்கு முன்னாடி எந்த மீனோட முட்டைன்னு பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் தேவை வேற. நீங்க விட்டதுல சாதாக்கெண்டைக்குத்தான் நீங்க ஏதாவது செஞ்சா உடனே பலன் தெரியும். அதோட முட்டை பிசுபிசுன்னு ஒட்டுற ரகம், தண்ணிக்குள்ள இருக்கற புல்லு, செடி, வேர் இதுலதான் ஒட்டும். ஒட்ட இடமே இல்லன்னா முட்டை சேத்துல விழுந்து வண்டல் மூடி மூச்சு முட்டி செத்துடும், மிச்சத்தை மீனே தின்னுடும். உங்க குளத்துல அதுதான் நடக்குதுன்னு நினைக்கிறேன்.

ஒரு பக்கக் கரையை மட்டும் சரிவா வெட்டி ஒண்ணு ரெண்டு அடி ஆழத்துல படி மாதிரி விடுங்க, அங்க புல் வளரட்டும். அதுக்கு நேரம் ஆகும்னா மூங்கில்ல சட்டம் கட்டி தேங்காய் நாரையோ பிரிச்ச நைலான் கயிறையோ கொத்துக் கொத்தா தொங்க விட்டு, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கற மாதிரி வைங்க. முட்டை ஒட்டினதைப் பார்த்ததும் சட்டத்தோட தூக்கி வேற தொட்டிக்கோ, தண்ணிக்குள்ள பெட்டி மாதிரி கட்டற ஹாப்பாங்கற மெல்லிய வலைக்கோ மாத்துங்க, வெயில்ல காய விடாதீங்க. இந்த வேலைதான் முக்கியம், ஏன்னா தாய் தகப்பனே திரும்பி வந்து முட்டையைத் தின்னும். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிடும். பொரிஞ்ச குஞ்சு மொதல்ல அந்த நார்லயே ஒட்டிட்டு வயித்துல இருக்கற மஞ்சக்கருப் பையை வச்சு உயிர் வாழும், அதனால சட்டத்தை அவசரப்பட்டு வெளிய எடுக்காதீங்க. அதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி உணவு வேணும், தண்ணி கொஞ்சம் பச்சையா இருந்தா நல்லது.

ஆத்துமீன்:
ரோகு, கட்லாவுக்கு மேல சொன்னது எதுவும் உதவாது சார். அதுங்க மழை வெள்ளம் வரும்போது ஓடுற ஆத்துத் தண்ணியில முட்டை போடற மீனுங்க, முட்டை ஒட்டாது, தண்ணியில அலைஞ்சுக்கிட்டே பொரியும். தேங்கின குளத்துல சினை முத்தினாலும் முட்டை போடாது, கடைசியில அது உடம்புக்குள்ளயே கரைஞ்சு போயிடும். அதனாலதான் மீனோட மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியோட சாறை ஊசியா போட்டு முட்டை போட வைக்கற முறை வந்தது, 1957ல ஒடிசாவுல ஹிராலால் சௌத்ரி இந்திய கெண்டைகளுக்கு அதை வெற்றிகரமா செஞ்சு காட்டினாரு. அதனால இந்த ரெண்டுக்கும் குஞ்சு வாங்கித்தான் விடணும், வருத்தப்படாதீங்க.

விரால்வலை:
விராலைப் பத்தி யாரும் சொல்லலையே. விரால் செடி அடர்ந்த ஆழம் கம்மியான ஓரத்துல செடியை ஒதுக்கி இடம் பண்ணி முட்டை போடும், முட்டை மஞ்சளா மேல மிதக்கும், தாயும் தகப்பனும் பக்கத்துலயே காவல் நிக்கும். செவப்பா குஞ்சுக்கூட்டம் மேல வந்து மூச்சு விடறதைப் பார்த்தீங்கன்னா கீழ பெரிய மீன் இருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்துல வலை வீசாதீங்க ப்ளீஸ், காவல் போச்சுன்னா குஞ்சு மொத்தமும் போச்சு. ஆனா ஒண்ணு, விரால் இருக்கற குளத்துல கெண்டைக்குஞ்சு மிஞ்சறது ரொம்பக் கஷ்டம். எது வேணும்னு முடிவு பண்ணுங்க.

கரையோரம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்போ விராலைப் பிடிச்சு தனியா போட்டுடறேன், சாதாக்கெண்டைக்கு மட்டும் இடம் பண்றேன். நாருக்குப் பதிலா வெங்காயத்தாமரை போடலாமா, வேர் நிறைய இருக்கே?

நீர்வாசி:
போடலாம், வேர்ல முட்டை நல்லா ஒட்டும், ஆனா மூங்கில் சட்டத்துக்குள்ள அடைச்சுத்தான் வைக்கணும். விட்டா குளத்தையே மூடி வெளிச்சம் போகாம ஆக்சிஜன் குறைஞ்சிடும். வேலம்பாசி அதைவிட நல்லது. எதைப் போட்டாலும் லேசான பெர்மாங்கனேட் தண்ணியில முக்கி அலசிட்டுப் போடுங்க, தட்டான் புழு, நீர்வண்டு, தவளை முட்டை எல்லாம் செடியோட வந்து குஞ்சைத் தின்னும். புல்கெண்டை மட்டும் விட்டுடாதீங்க, நீங்க வளர்க்கற செடியை மொத்தமா மேஞ்சிடும். முட்டை போடற சமயத்துல தண்ணியை இறைக்காதீங்க, மட்டம் ஒரு சாண் எறங்கினாலும் ஓரத்துப் புல்லுல ஒட்டின முட்டை வெளிய வந்து காஞ்சிடும்.